சுருட்டைப்புழு வந்த வருஷம்

நம் வயதுக்காரர்களே, அங்கேயே மலையில் மண்ணைப் பிடித்துக்கொண்டு இருப்பவர்களும் சரி, என்னைப் போலக் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர்களும் சரி, ஒன்று கேட்கிறேன். தேயிலைச் செடியில் இரண்டு இலை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால், அதைப் பிரித்துப் பார்க்காமல் உங்களில் யாராவது கடந்து போனதுண்டா? போனதுண்டு என்று சொல்கிறவர் நம் லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவரே இல்லை. துரை பங்களாவில் தொட்டில் கட்டி வளர்ந்தவராக இருக்கும்.

நாங்கள் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் குறுக்குப் பாதையில் ஆளுக்கொரு ஒட்டிய இலையைப் பறித்து, "அரிசியா புழுவா?" என்று கத்திவிட்டுப் பிரிப்போம். உள்ளே வெள்ளை நூல் பின்னியிருக்கும். நடுவில் பச்சை உடம்பும் கறுத்த தலையுமாக ஒரு புழு. வெளிச்சம் பட்டதும் பின்பக்கமாகவே ஓடி, நூலில் தொங்கி இறங்கித் தப்பித்துவிடும். புழு வந்தால் தோல்வி. சில இலைகளில் புழு இருக்காது. அதன் தோல் மட்டும் சுருங்கிக் கிடக்கும். பக்கத்திலேயே சின்னச் சின்னக் கூடுகள், சிவப்பரிசி நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கொத்தாக இருக்கும். அதற்குத்தான் நாங்கள் அரிசி என்று பெயர் வைத்திருந்தோம். அரிசி வந்தவர் வீட்டில் அன்றைக்குச் சோறு என்று ஒரு நம்பிக்கை. பிரிக்கிற இலைகளில் பாதிக்கு மேல் அரிசிதான் வரும். வீட்டில் என்னவோ ரொட்டிதான்.

பெரியவர்கள் அதைப் புழுவின் முட்டை என்று நினைத்தார்கள். நான் கொட்டாங்குச்சியில் சேர்த்துக் கொண்டுபோய்ச் சோறாக்கி விளையாடினால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும்.

"கருமம் புடிச்சவளே, புழு முட்டைய வூட்டுக்குள்ள கொண்டாறியா? அடுப்புல போடுடி!"

லயத்தில் எல்லா வீட்டு அடுப்பிலும் அது எரிந்திருக்கிறது. அது முட்டையில்லை, புழுவைக் கொல்கிற ஒரு குளவியின் கூடு என்று எனக்குத் தெரிந்தபோது தலை நரைத்துவிட்டது. யாரோ வெள்ளைக்காரர் வேறு தேசத்திலிருந்து கொண்டுவந்து தோட்டங்களில் விட்ட குளவியாம். கொசுவைவிடக் கொஞ்சம் பெரிது, மஞ்சள் நிறம், மனிதரைக் கொட்டாது. புழு குட்டியாக இருக்கும்போதே அதன் உடம்புக்குள் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். அந்த ஒரு முட்டை உள்ளேயே பிரிந்து பிரிந்து ஒரு கூட்டமாகும். புழுவுக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போல இலை தின்னும், தோலை உரித்து உரித்து வளரும். நன்றாக வளர்ந்த பிறகு உள்ளே இருந்த கூட்டம் வெளியே வந்து கூடு கட்டும். புழு அத்தோடு முடிந்தது.

அப்பா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே மொட்டையாக வெட்டிவிடுவார்கள் அல்லவா, அந்த வேலை. வளைந்த கத்தியால் ஒரே வீச்சு, குச்சி பிளக்காமல் சாய்வாக விழ வேண்டும். அப்பா வெட்டிய செடியைத் தொட்டால் வழவழவென்று இருக்கும். சாயங்காலம் வரும்போது வெட்டிய மிலாறை அடுப்புக்காகக் கட்டித் தலையில் தூக்கி வருவார். குனிந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழையும்போது வாசற்படியில் மிலாறு உரசுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த மிலாறை ஒடித்து அடுப்பில் வைப்பது என் வேலை. ஒடிக்கும்போது சில குச்சிகள் சொன்ன இடத்தில் ஒடியாது. வேறு இடத்தில் பட்டென்று விடும். அங்கே குண்டூசி நுழைகிற அளவு ஓட்டை இருக்கும். பிளந்து பார்த்தால் உள்ளே வளையம் வளையமாகப் பாதை, சுவரெல்லாம் கறுப்பு. அதற்குள் ஒரு குடும்பமே குடியிருக்கும். கால் இல்லாத வெள்ளைப் புழு ஒரு பக்கம். மெழுகில் செய்தது போலக் கைகாலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கிற கூட்டுப்பருவம் ஒரு பக்கம். புதிதாக வண்டாகி இன்னும் நிறம் ஏறாமல் பழுப்பாக நடப்பது ஒன்று. நன்றாகக் கறுத்த தாய் வண்டு வாசலில். நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அடுப்பு அணைந்துவிடும்.

"தீய ஊதச் சொன்னா புழுவுக்கு ஜாதகம் பாத்துக்கிட்டு இருக்கா பாருங்க ஒங்க மக" என்பாள் அம்மா.

அப்பா சிரிப்பார். "பாக்கட்டும் விடு. அந்தப் பூச்சிதான் இன்னைக்குத் தொரைக்கே எமன்" என்பார்.

அது உண்மைதான். கொழுந்தெடுக்கிற பெண்கள் கொஞ்சம் சாய்ந்தாலே கிளை முறிந்து விழுந்தது. அதனால்தான் அந்த வண்டை ஒழிக்க ஒரு மருந்து வந்தது. கவ்வாத்து வெட்டிய மலைகளில் மொட்டைச் செடிகளின் மேல் அடிக்க வேண்டும் என்று உத்தரவு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கண்டாக்கு ஐயா, அதாவது வெளி வேலைகளைப் பார்க்கிற உத்தியோகஸ்தர், திடகாத்திரமான ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கினார். முதல் ஆள் எங்கள் அப்பா. அம்மாவுக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

மருந்து தகர டின்னில் வரும். பீப்பாய்த் தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும். கலக்குவதற்குக் கோல் ஒன்று கொடுத்திருந்தார்கள். ஆனால் அடியில் தங்குவது கோலுக்கு வராது என்று அப்பா கையை முழங்கை வரை விட்டுக் கலக்குவார். பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே அடித்துக்கொண்டு வரும்போது காற்று திரும்பினால் சட்டை முழுக்க நனைந்துவிடும். அந்தச் சட்டையை அம்மா பீலிக் குழாய்த் தண்ணீரில் காலால் மிதித்துத் துவைப்பாள். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. நாளாக நாளாக அது அப்பாவின் வாடையாகவே ஆகிவிட்டது.

எங்கள் முட்டாள்தனத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அல்லது சிரிக்கமாட்டீர்கள், உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். அப்பா ஒரு போத்தலில் கொஞ்சம் மருந்து கொண்டுவந்தார். அம்மா கோழி இறகால் தொட்டுத் தொட்டுச் சுவர் இடுக்கிலும் பாய் மடிப்பிலும் தடவினாள். மறுநாள் மூட்டைப்பூச்சி கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தது. ஐயோ, என்ன கொண்டாட்டம்! பக்கத்துக் காம்பரா அத்தை கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை அவள். வாய் அதிகம், மனசு தங்கம்.

"அண்ணி, எனக்கும் ரெண்டு சொட்டு ஊத்துங்க. மூட்டைக்கே முதுகைக் குத்தகைக்கு விட்டாப்ல இருக்கு" என்றாள்.

என் தலைப் பேனுக்கும் அதுதான் வைத்தியம். அப்பாவின் மருந்துச் சட்டையைச் சுற்றித் தலையில் கட்டிவிட்டாள் அம்மா. பேன் போய்விட்டது. எறும்புகூட இல்லாத லயமாக இருந்தது அது. எங்களுக்குப் பிடித்த சாமி மாதிரி இருந்தது அந்த மருந்து.

மருந்தடித்த மலைகள் மறுபடி தழைத்துக் கொழுந்தெடுக்கத் தொடங்கிய பிறகு, ஒரு வெயில் காலத்தில் சுருட்டைப்புழு வந்தது. எப்போதும் இருக்கிற புழுதான், ஆனால் இப்படி ஒருபோதும் வந்ததில்லை. ஒரு செடியில் ஒட்டாத இலையைத் தேட வேண்டியிருந்தது. தின்ற இலையெல்லாம் காய்ந்து, தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்கு நெருப்பு வைத்தது போல இருக்கும். கொழுந்தெடுக்கப் போனவர்களின் முகத்தில் நூல் ஒட்டும். கூடையில் கொழுந்தோடு புழுவும் எச்சமும் சேர்ந்து விழும். சாயங்காலமானால் மணி வடிவச் சிறகுள்ள பழுப்புப் பூச்சிகள் குப்பி விளக்கைச் சுற்றி வந்து ரொட்டி மாவில் விழுந்தன.

பள்ளிக்கூடம் விட்டதும் எங்களை மலைக்கு அனுப்பினார்கள். கையில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் டின். சுருண்ட இலையையும், இலை மேல் மீன் செதில் அடுக்கியது போல இருக்கிற முட்டையையும் பறித்து அதில் போட வேண்டும். வேலை முடிந்தால் ஆளுக்கொரு பனிஸ், அதாவது இனிப்பு பன். நான் சிலவற்றை டின்னில் போடாமல் ஒரு ஜாம் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். தேயிலை போட்டு, வாயில் துணி கட்டி, அடுக்களைத் தட்டில் வைத்திருந்தேன். புழு தின்றது, தோலை உரித்தது, பெருத்தது. பிறகு தின்பதை நிறுத்திவிட்டு இலையை இழுத்துப் போர்த்திக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் புழு இல்லை, முதலில் பச்சையாக, பிறகு பழுப்பாக ஒரு கூட்டுப்புழு. தொட்டால் வாலை மட்டும் ஆட்டும், கோபித்துக்கொண்ட பிள்ளை தோளைக் குலுக்குமே, அப்படி. ஒரு நாள் அது இலை விளிம்புக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் பிளந்துகொள்ளும். வெறும் தோட்டை விட்டுவிட்டுப் பூச்சி வந்துவிடும்.

நான் அதற்காக வைத்திருக்கவில்லை. அரிசி வருமா என்று பார்க்கத்தான் வைத்திருந்தேன். ஒன்றிலும் வரவில்லை. மலையிலும் யாருக்கும் வரவில்லை. டின் டின்னாகப் பிரித்தும் அரிசி இல்லை. "அரிசியெல்லாம் எங்கடி போச்சு?" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். பெரியவர்கள் யாரும் எங்களைக் கேட்கவில்லை. குச்சிக்குள் இருக்கிற வண்டுக்கு அடித்த மருந்து, வெளியே பறந்து திரிந்த குளவியைக் கொன்றிருந்தது. இலைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்த புழுவுக்கு அது எட்டவில்லை. துரை அதை அறியவில்லை. புழு கூடிவிட்டது, மருந்தையும் கூட்டுங்கள் என்றார். அப்பா மறுபடி பம்பைத் தூக்கினார்.

இதற்குள் அப்பா இளைத்துப்போயிருந்தார். சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. சாயத் தண்ணீர் என்கிற வெறுந்தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் கை வெடுக்கென்று துள்ளும். "கோப்பைக்கு உசுரு வந்துருச்சுடி" என்று எனக்கு வேடிக்கை காட்டுவார். நானும் சிரித்தேன், தம்பியும் சிரித்தான்.

விளக்கு வைக்கிற நேரம் ஒரு நாள், ரொட்டித் தட்டைக் கையில் வாங்கியவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். தட்டு உருண்டது. கண் மேலே போயிற்று, பல் கிட்டியது, உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. அம்மா கத்தவில்லை. முந்தானையைப் பந்தாக்கித் தன் வாயிலேயே வைத்துக்கொண்டாள். சத்தம் கேட்டு வந்த அத்தை, "இரும்பக் கையில குடுங்க அண்ணி, இரும்பு!" என்று தேடினாள். கையில் அகப்பட்ட இரும்பு கவ்வாத்துக் கத்திதான். வெட்டுகிற பக்கத்தைச் சாக்கால் சுற்றி, பிடியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அப்பா கண்ணைத் திறந்து, "என்னா எல்லாம் என்னையச் சுத்தி நிக்கிறீங்க?" என்று கேட்டார். வாய் ஓரம் ரத்தம் இருந்தது.

கவ்வாத்துச் சாமிதான் காரணம் என்று முடிவு செய்தார்கள். கவ்வாத்துத் தொடங்கும் நாளில் மலையில் ஒரு கல்லை நட்டு, கத்திகளை வரிசையாக வைத்து, சேவல் அறுத்துப் படைப்பார்கள். அந்த வருஷம் அப்பா மருந்து கலக்கிய கையோடு படையலைத் தொட்டுவிட்டாராம். அதற்காக இன்னொரு சேவலை நேர்ந்து அறுத்தார்கள். மருந்துக் கை என்பது வரைக்கும் கண்டுபிடித்துவிட்டார்கள் பாருங்கள். ஊசி போவதைப் பார்த்தார்கள், உலக்கை போவதைப் பார்க்கவில்லை.

பிறகும் வலிப்பு வந்தது. இப்போது பயம் வேறு பக்கம் திரும்பியது. கீழ் லயத்தில் ஒரு மாமாவுக்கு வலிப்பு இருந்தது. சரிவான மலையில் வலிப்புக்காரனை வைத்து வேலை வாங்க முடியாது என்று வேலைப் பதிவேட்டிலிருந்து பேரை வெட்டிவிட்டார்கள். பேர் போனதும் காம்பரா போயிற்று. காம்பரா போனதும் வேறு தோட்டம் எதுவும் சேர்க்கவில்லை. குடும்பத்தோடு நானுஓயாவில் ரயிலேறித் தலைமன்னார் போனவர்தான், இந்தியாவில் பிச்சையெடுத்ததாகக் கேள்வி. அம்மா அதை நினைத்து நினைத்துச் சாப்பாட்டை விட்டாள்.

கங்காணி நல்ல மனுஷர். அவரே வந்து அம்மாவிடம் சொன்னார். "இந்தா பாரு புள்ள, வலிப்புங்குற பேச்சு இந்த லயத்தத் தாண்டக் கூடாது. தாண்டுச்சு, கண்டாக்கையா மொத வேலையா பேரத்தான் வெட்டுவாரு. அப்பறம் நீயும் ஒம் புள்ளைங்களும் கப்பல்தான்."

"அப்ப வழியில எங்கியாச்சும் வுழுந்தா என்னாங்க சொல்றது?" என்றாள் அம்மா.

யோசனை சொன்னது அத்தை. "குடிச்சிருக்காருன்னு சொல்லுவோம். குடிச்சிட்டு வுழுவுறவன எந்தத் தொர பேரு வெட்டிருக்காரு? அப்புடி வெட்டுனா தோட்டத்துல ஆம்பளயே மிஞ்சமாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு. அப்பா குடித்து நாங்கள் பார்த்ததில்லை. திருவிழாவில் வற்புறுத்தி ஊற்றிக் கொடுத்தாலும் உதட்டை நனைத்துவிட்டுக் கொடுத்துவிடுவார். அன்றிலிருந்து அவர் குடிகாரரானார். காலையில் வேலைக்குப் போகுமுன் அம்மா ஒரு மூடிச் சாராயத்தைக் கொடுப்பாள். அவர் வாயைக் கொப்புளித்துத் துப்பி, மிச்சத்தைச் சட்டையில் தெளித்துக்கொண்டு போவார். பெரட்டுக்குப் போகிற வழியில் ஒருமுறை விழுந்தார். பார்த்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைக் குடிகாரன் மகள் என்றார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா என் தலையைத் தடவி, "சொல்லிட்டுப் போறாங்க வுடும்மா. பேரு நிக்கிதுல்ல" என்றார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி ஐயா லயத்துக்கு வந்தார். தோட்ட மருந்துச்சாலையில் மருந்து கொடுக்கிற யாழ்ப்பாணத்துக்காரர். சிடுமூஞ்சி. நோயாளியைப் பார்க்கிறாரா திட்டுகிறாரா என்று தெரியாது. அவர் லயத்துக்கு வந்தாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். எங்கள் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், பலகை போட்டு உட்காரவைத்தோம். லயமே கூடிவிட்டது.

"மருந்தடிக்கிற ஆக்களுக்குத் தலையிடி, கை கால் துடிப்பு, வலிப்பு, இப்பிடி ஏதும் வந்ததோ? மேலை இருந்து கேட்டு அனுப்பியிருக்கினம். மறைக்காமல் சொல்லுங்கோ" என்றார்.

மேலே இருந்து கேட்டிருக்கிறார்கள் என்றதும் எல்லாருக்கும் கீழ் லயத்து மாமாதான் கண்ணில் வந்திருப்பார். ஐயா அம்மாவைப் பார்த்தார்.

"உன்ரை மனுசனுக்கு?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. கல்லு மாதிரி இருக்காரு" என்றாள் அம்மா.

அப்பா சுவரோரம் நின்றிருந்தார். துள்ளுகிற கையை மறு கையால் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஐயா எழுந்து கிட்டே போய், "கையைக் காட்டு பாப்பம்" என்றார். அப்பா நீட்டினார். விரல்கள் துள்ளின. அந்த நொடியில் அத்தை முந்திக்கொண்டாள்.

"அண்ணனுக்கு ஒரே வியாதிதானுங்க ஐயா. போத்தல் வியாதி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கங்காணியும், "ஆமாங்க, காலையிலயே ஊத்திக்கிறான்" என்று தலையை ஆட்டினார். ஐயா குனிந்து முகர்ந்தார். சாராய வாடை இருந்தது. அவர் முகம் சுளித்தது.

"பிள்ளையளை வைச்சுக்கொண்டு வெக்கமாயில்லையோ? குடியை விடு முதல்" என்று அப்பாவைத் திட்டிவிட்டு அடுத்த லயத்துக்குப் போனார். அப்பா, "சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்று கும்பிட்டார்.

அவர் முதுகு மறைந்ததும் அத்தை பலகையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். "அப்பாடா, தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு" என்றாள். அம்மா அன்றைக்குச் சோறு ஆக்கினாள். எல்லாருக்கும் ஒரு கை கொடுத்தாள். நானும் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம், புழு அதிகமாக இருந்த மேல் மலையில் மருந்தடிப்பு. ஆள் போதாமல் அடுத்த பிரிவிலிருந்தும் ஆட்களை அனுப்பியிருந்தார்கள். கங்காணி அன்றைக்குக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் இருந்தார். சாயத் தண்ணீர் குடிக்க எல்லாரும் ஒதுங்கிய நேரம், அப்பா பம்போடு கானுக்குள் விழுந்தார். அங்கே மழைத் தண்ணீர் ஓட வெட்டிய பள்ளம் அது, உங்களுக்குத் தெரியும். புது ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். எட்ட நின்றே சாராய வாடை அடித்தது. இந்த ஆள் குடிகாரன் என்று அவர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள்.

"கெடக்கட்டும், தெளிஞ்சா எந்திரிப்பான்" என்று ஒருவர் சொன்னாராம். கண்டாக்கு ஐயாவுக்குத் தெரிந்தால் பாவம் அன்றைக்குச் சம்பளம் போய்விடும் என்று, நல்லெண்ணத்தில், மேலே இரண்டு தேயிலைக் கிளையை ஒடித்து மறைத்தும் வைத்தார்களாம். முகம் கானுக்குள் கவிழ்ந்திருந்ததை யாரும் திருப்பவில்லை. முதுகில் பம்பு இருந்தது, அதில் இருந்த மருந்து கழுத்து வழியே வடிந்துகொண்டிருந்தது. கங்காணி வந்து கிளையை விலக்கியபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

கம்பளியில் தூக்கி வந்தார்கள். இஸ்தோப்பில் கிடத்தித் தலைமாட்டில் விளக்கு வைத்தார்கள். வந்தவர்களின் நெரிசலில் என் ஜாம் போத்தல் தட்டிலிருந்து விழுந்து உடைந்துவிட்டது. அதிலிருந்த பூச்சிகள் விளக்கைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. ஒரு கிழவி, "பாருங்கடி, போன உசுருதான் பூச்சியா வந்து சுத்துது" என்று ஒப்பாரியை எடுத்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்து, "சீ! அவரக் கொன்ன சனியன் அது" என்று கையால் அடித்தாள். விளக்கு அணைந்துவிட்டது. சாவு வீட்டில் விளக்கு அணையலாமா என்று ஆளாளுக்குப் பதறினார்கள்.

ஆஸ்பத்திரி ஐயா வந்தார். அப்பாவின் கண்ணை விலக்கிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார், அது பழைய கடியும் புதுக் கடியுமாகத் தழும்பேறிக் கிடந்தது. அவர் திட்டவில்லை. அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் அப்படித் தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"எவ்வளவு நாளாய் வலிப்பு?"

அத்தைதான் சொன்னாள்.

"அண்டைக்கு நான் கேட்டது இதுக்குத்தானே பிள்ளை. சொல்லியிருந்தா மருந்திலையிருந்து எடுத்துக் காவல் வேலை குடுத்திருப்பினம். வேறை தோட்டங்களிலை அப்பிடித்தான் செய்தவை. பேர் ஒருதருக்கும் வெட்டேல்லை" என்றார்.

அத்தை தலையில் அறைந்துகொண்டு அழுதாள். கங்காணி எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா மட்டும் அழவில்லை. ஐயா கேட்ட கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "மறைக்காம சொல்லுங்கன்னுதான் கேட்டாரு. மறைக்காம சொல்லுங்கன்னுதான் கேட்டாரு." அப்பாவை மலையடியில் புதைத்துவிட்டு வந்த பிறகும் அது நிற்கவில்லை. எனக்கு அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா மாறிப்போனாள். தம்பிக்குச் சளி என்றால்கூட ஆஸ்பத்திரி ஐயாவிடம் போய்த் தான் என்னென்ன சாப்பிடக் கொடுத்தாள் என்று அவர் கேட்காமலே ஒப்பிப்பாள். கொழுந்தில் முற்றல் இலை இருந்தால் கணக்கப்பிள்ளை பார்ப்பதற்கு முன்பே, "முத்தல் இருக்குங்க" என்று சொல்லித் திட்டு வாங்குவாள். அத்தைக்கு எரிச்சல் வரும். "ஒங்க அம்மாவுக்கு வாய்க்குப் பூட்டு இல்லாமப் போச்சுடி" என்பாள் என்னிடம்.

அப்பா இருக்கும்போதே பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். அதன் விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரும்படி அம்மாவுக்கு அழைப்பு வந்தது, அவர் போய் ஒரு வருஷம் கழித்து. லயமே சேர்ந்து அம்மாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. இடையில் இந்தியாவுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியிருந்தால் மனு தள்ளுபடி. தள்ளுபடியானால் இந்த நாட்டில் நாங்கள் யாரும் இல்லை, என்றைக்கிருந்தாலும் அனுப்பிவிடுவார்கள். அம்மா போயிருந்தாள். நான் பிறப்பதற்கு முன், தாத்தாவுக்கு முடியாமல் இருந்தபோது.

"ஒரே வார்த்த. 'போகல'. அதுக்கு மேல வாயத் தொறக்காத" என்றார் கங்காணி. "இது ஒங்க புள்ளைங்க தலையெழுத்து அண்ணி" என்று அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அறையில் மேசைக்குப் பின்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றார். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"இடையில இந்தியாவுக்குப் போய்த் தங்கி இருந்தீங்களாம்மா?"

"எம் புருசனுக்கு வலிப்பு இருந்திச்சுங்க" என்றாள் அம்மா.

"அத யாரும் கேக்கலயேம்மா."

"கேட்டாங்க. நான்தான் இல்லன்னு சொல்லிட்டேன். குடிகாரருன்னு சொன்னோம். அவரு ஒரு சொட்டுக் குடிச்சதில்லீங்க. மருந்துலதான் அப்புடி ஆச்சு. கை துடிக்கும், பல்லு கிட்டிக்கும், அப்பறம் எதுவும் ஞாபகம் இருக்காது. எழுதிக்கோங்க ஐயா."

அதிகாரி நிமிர்ந்து, "மொகத கியன்னே?" என்றார், என்ன சொல்கிறாள் என்று. மொழிபெயர்ப்பாளர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அம்மாவின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்லவர் போல. அம்மாவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, இல்லை என்று சொல் என்பது போல மெல்லத் தலையை அசைத்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இந்தியாவுக்குப் போய்த் தங்கினீங்களா, இல்லையா?"

"போனேங்க. ரெண்டு வருசம் இருந்துட்டுத்தான் வந்தேன்" என்றாள் அம்மா.

மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பிச் சிங்களத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், அதிகாரி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் சிங்களத்துக்கு அந்த வாக்கியத்தில் இந்தியா இருந்தது, இரண்டு வருஷம் இருந்தது. அப்பா இல்லை.